மூடிக்கு வைத்த பொட்டு

என் பட்டறை மேசையில் நட்டு போல்ட்டுகளுக்கு நடுவே ஓர் அலுமினிய மூடி கிடக்கிறது. உள்ளங்கை அளவுதான். நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. துளையின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கும். அழுக்கென்று துடைக்கப் போனவர்களை நான் திட்டியிருக்கிறேன். என் அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிட்டவர், தன் கையாலேயே கட்டிய விமானத்தின் பெட்ரோல் டேங்க் மூடி அது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இன்றைக்கும் எரிச்சல்தான். அழுகையெல்லாம் அதற்குப் பிறகு.

மாமா மேட்டூர் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் தென்னந்தோப்பு வாங்குவார்கள், கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். இவர் திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் வழியில் காலியாகக் கிடந்த கோழிக் கொட்டகை ஒன்றைப் பிடித்து, அதற்குள் ஓர் ஆள் உட்காரும் விமானத்தைக் கட்ட ஆரம்பித்தார். ஏழு வருடம். அக்கா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள், கடைசியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்கும் கம்ப்ரசர்களுக்கும் இன்ஜின் வேலை பார்க்கிறவன். "நீ கூடவே இருந்து பாரு சாமி. மேல போயி இன்ஜின் நின்னு போச்சுன்னா மனுசன் ஊடு வந்து சேருவாரா?" என்றாள். கூடவே, வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த வண்டிக்குப் பொட்டு வைக்கச் சொன்னாள். அதை எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? எங்கள் பட்டறையில் வெள்ளிக்கிழமை முதல் பொட்டு டேங்க் மூடிக்குத்தான். சந்தனத்தைக் குழைத்து, கட்டை விரலால் அழுத்தி, மேலே குங்குமம். அதையே அங்கேயும் செய்தேன். சொந்த மாமா வண்டியாயிற்றே, சந்தனம் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

பிறகு ஆரம்பித்தது வேதனை. அந்த இன்ஜினுக்கு செல்ஃப் கிடையாது. முன்னால் இருக்கும் காற்றாடியைக் கையால் சுற்றிவிட வேண்டும். அது என் வேலை. முதலில் நன்றாகப் பிடிக்கும், நாலைந்து நிமிடம் ஓடும், நின்றுவிடும். அதற்கப்புறம் தோள்பட்டை கழன்று விழுகிற வரை சுற்றினாலும் பிடிக்காது. மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பேன், இருக்கும். குழாயைக் கழற்றினால் பெட்ரோல் தாராளமாகக் கொட்டும். சரி, பிளக்தான் கோளாறு என்று மாற்றுவேன். உடனே பிடித்துக்கொள்ளும். அப்பாடா என்று டீயை வாயில் வைப்பதற்குள் நின்றுவிடும். அடுத்த தடவை கார்புரேட்டர். அதற்கடுத்த தடவை காயில். எதை மாற்றினாலும் ஐந்து நிமிடத்துக்குச் சரியாகிவிடுகிற இன்ஜினை என் முப்பது வருடத் தொழிலில் நான் பார்த்ததில்லை. "இதைப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க மாமா" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். எனக்குள் பயமும் இருந்தது. பறக்க அனுமதி கிடைத்ததும் இந்தச் சனியனை நம்பித்தானே மனுஷன் மேலே போகப் போகிறார்.

எல்லாவற்றையும் விட என்னைக் கடுப்பேற்றியது அவருடைய நோட்டுப் புத்தகம். மின் நிலையத்துப் பழக்கம். நான் வியர்த்து ஊற்றிக்கொண்டு நிற்கும்போது அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு எழுதிக்கொண்டிருப்பார். தேதி, கிழமை, வெயில், எத்தனை சுற்று, எத்தனை நிமிடம். ஒரு நாள் தலையைத் தூக்கி, "ஏனுங்க மாப்ள, புதங்கெழம சுத்துனா நல்லா ஓடுது. சனிக்கெழம சுத்துனாத்தான் மக்கர் பண்ணுது" என்றார்.

"அப்ப இன்ஜினுக்குச் சனி புடிச்சிருக்குதுங்க. எள்ளு தீபம் போட்டுருவமா?" என்றேன். கொட்டகைக்கு வெளியே போய், தனியாக, இன்னும் மோசமாகத் திட்டினேன். அவர் கிழமைக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமையும் நின்றது. கோபத்தில் நான் மூடியைத் திறக்கப் போனேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "தொடாதீங்க மாப்ள. தொறந்துதான் இத்தன நாளும் ஏமாந்துட்டோம்." மூடிமேல் காதை வைத்து, மெதுவாக அரைச் சுற்றுத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் எனக்கே கேட்டது. லாரி டேங்குக்குக் காற்று போகத் தனிக் குழாய் உண்டு; இந்த டேங்குக்கு மூடியிலுள்ள அந்த ஒரு துளைதான். அது அடைபட்டால் பெட்ரோல் கொஞ்ச நேரம் இறங்கும், பிறகு இறங்காது. மூடியைத் திறந்தாலோ காற்று உள்ளே போய்விடும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். மாமா சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துத் துளையைக் குடைந்தார். மஞ்சளாகச் சந்தனம் உதிர்ந்தது. வெள்ளியன்று என் கட்டை விரல் அழுத்திய சந்தனம். புதனுக்குள் காய்ந்து, இன்ஜின் அதிர்வில் தானே உதிர்ந்துவிடும். மறு வெள்ளி நான் மறுபடி அடைத்துவிடுவேன்.

அந்த மனிதர் வானத்தில் இருக்கும்போது இது நடந்திருந்தால், அவரைக் கொன்றவன் நான். அதுவும் பக்தியோடு. மாமா கண்ணாடியை மூக்கில் இறக்கினார். நோட்டில் "மூடித் துளை அடைப்பு. நீக்கப்பட்டது" என்று எழுதினார். யார் அடைத்தது என்று எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு, "இனிமே பொட்ட வண்டி மூக்குல வெய்யுங்க. உங்கக்கா கேட்டா வழக்கம்போல வெச்சேன்னு சொல்லிருங்க" என்றார்.

அனுமதி கிடைத்து, மாமா நாலு வருடம் பறந்தார். இன்ஜின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. போன தை மாதம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். விமானத்தை ஒரு பொறியியல் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டோம். அவர்களுக்கு வேறு மூடி போட்டுக் கொடுத்து, இதை நான் வைத்துக்கொண்டேன்.

போன வாரம் அக்கா பட்டறைக்கு வந்தாள். மேசையில் கிடந்த மூடியை எடுத்தாள். ஓரத்து மஞ்சளைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ வெச்ச பொட்டுதான் சாமி அவரக் கடைசி வரைக்கும் காப்பாத்துச்சு" என்றாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "இன்னிக்கு வெள்ளிக்கெழம. ஒண்ணு வெச்சு உடு" என்று மூடியை நீட்டினாள். சந்தனத்தைத் தொட்டு, துளையை விட்டு ரொம்பத் தள்ளி, விளிம்பில் கடுகளவு வைத்தேன்.