மெதுவாக ஓடிய சென்டர் பார்வர்டு

எங்கள் அண்ணனைச் சர்க்கரை வாங்கிவர அனுப்பினால், நாங்கள் வெல்லம் போட்டுக் காபி குடித்து முடித்த பிறகுதான் வந்து சேருவான். நடைதான் அப்படி என்றால் ஓட்டமும் அதிலிருந்து ஒன்றும் பெரிதாக மாறுபட்டதில்லை. அப்படிப்பட்டவனுக்குத்தான் கால்பந்தில் முன்னால் ஓடிக் கோல் போடுகிற சென்டர் பார்வர்டாக ஆட வேண்டும் என்று ஆசை. நந்திதுர்க் லைன் வீட்டுப் பையன்கள் அவனுக்கு எருமை என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேரைச் சொன்னவர்களை ஒன்பது வயதுப் பெண்ணான நான்தான் கல்லெடுத்துத் துரத்துவேன். அண்ணன் துரத்தமாட்டான். பிடிக்க முடியாதென்று அவனுக்கே தெரியும்.

அந்த வருஷம் தங்கச் சுரங்கத்துக் கால்பந்து டீமுக்கு ஆள் எடுக்கப்போவதாகச் சேதி வந்தது. டீமில் சேர்ந்தவனுக்குப் பூமிக்கு மேலே வொர்க்ஷாப்பில் வேலை போட்டுக் கொடுப்பார்கள்; மற்றவர்களுக்குச் சுரங்கத்துக்குள் இறங்குகிற வேலைதான். அம்மாவின் தம்பியான எங்கள் மாமா அப்படித்தான் வேலைக்குப் போனவர். டீமில் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக் அவர்தான். அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக நினைத்தவர்கள் நொண்டிக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள் என்று பக்கத்து ஊரான ஊரிகம் வரைக்கும் பேச்சு. அப்பாவுக்கு ஷாஃப்ட் வழியாகப் பூமிக்கடியில் இறங்கிச் செய்கிற வேலை. அங்கே கல்தூசியைச் சுவாசித்து இருமல் அதிகமாகிப்போய், அப்போதெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார்.

தேர்வுக்கு முந்தின நாள் மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டு, அம்மா முட்டைக் குழம்பு வைத்தாள். காரணமில்லாமல் எங்கள் வீட்டில் முட்டைக் குழம்பு வைப்பதில்லை. சோற்றைப் போட்டுவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

“நாளிக்கி நீதான் அவனுக்கு எதிர்ல நிப்பியாமே. உன் மருமகன்தானே. கொஞ்சம் பாத்து விட்டுக் குடுடா.”

“இன்னா கேட்டாலும் செய்றேன்க்கா. அத மட்டும் கேக்காதே” என்றார் மாமா. குழம்பை மட்டும் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். இவருக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று அன்றைக்கே நான் முடிவு கட்டிவிட்டேன்.

மைதானம் சைனைட் குன்றின் அடியில் இருந்தது. சைனைட் போட்டுத் தங்கம் பிரித்தெடுத்த சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த அந்தக் குன்றின் சரிவில் ஏறி உட்கார்ந்தால் ஆட்டம் முழுவதும் தெரியும். தேர்வு செய்ய வந்த ஆபீசர் முதலில் எல்லாரையும் ஒரு கோல் கம்பத்திலிருந்து எதிர்க் கம்பம் வரைக்கும் ஓடவிட்டார். மற்றவர்கள் போய்ச் சேர்ந்து, மூச்சு வாங்கி, திரும்பி நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தபோது அண்ணன் வந்துகொண்டிருந்தான்.

“இந்தப் பையன் வேண்டாம்” என்றார் ஆபீசர்.

மாமா அவரிடம் போனார். “ஓட வெச்சிப் பாத்துட்டீங்க சார். ஒரு வாட்டி ஆட வெச்சிப் பாருங்க. இவன் பந்து பின்னாடி போறவன் இல்ல. அது எங்க வந்து வுழும்னு பாத்து அங்க போய் நிக்கிறவன்.”

“உனக்குச் சொந்தமா?”

“அக்கா பையன் சார்.”

ஆபீசர் சிரித்தார். “அப்போ நீயே அவனைப் பிடி. பார்க்கலாம்.”

முதல் பந்திலேயே மாமா அண்ணனின் காலை வாரிவிட்டார். எழுந்து நின்றவனை அடுத்த பந்தில் தோளால் இடித்துத் தள்ளினார். முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது. நான் சரிவில் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த வசவுகளையெல்லாம் மாமாவின் மேல் கொட்டினேன். அண்ணனோ எதையோ தொலைத்தவன் மாதிரி இங்கும் அங்கும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பந்து வலது ஓரத்துக்குப் போயிற்று. எல்லாரும் கோலை நோக்கிப் பாய்ந்தார்கள், மாமாவும் ஓடினார். அண்ணன் மட்டும் நின்று, இரண்டடி பின்னால் வந்தான். களைத்துவிட்டான் என்று எனக்கு அவமானமாக இருந்தது. ஓரத்திலிருந்து உதைத்த பந்து அத்தனை தலைகளையும் தாண்டி, கூப்பிட்டு வந்ததுபோல அவன் எதிரில் வந்து விழுந்தது. அவன் அதை நிறுத்தக்கூட இல்லை. ஒரே உதை. மாமா திரும்புவதற்குள் பந்து கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

காயத்தைப் பார்க்க நான் கீழே ஓடினேன். ஆபீசர் மாமாவின் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டது என் காதிலும் விழுந்தது.

“விட்டுட்டியா?”

மாமா அண்ணனின் முழங்காலைக் காட்டினார். “வுடறவன் இப்டி ஒதப்பானா சார்?”

ஆபீசர் குனிந்து ரத்தத்தையும், பிறகு நிமிர்ந்து மாமாவின் முகத்தையும் பார்த்தார். அப்புறம் அண்ணனிடம் பேர் என்ன என்று கேட்டார்.

வரும் வழியில் ஆண்டர்சன்பேட்டைக் கடையில் மாமா எனக்குப் பன் வாங்கி நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டில் அம்மா அண்ணனின் முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். ஆனால் தன் தம்பியை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவருக்குத்தான் முதலில் சோறு போட்டாள். பெரிய அநியாயமாக எனக்குப் பட்டது.

அண்ணன் முதல் நாள் வேலைக்குப் புறப்பட்ட காலையில், அப்பா ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா லைனின் கோடி வரைக்கும் போய் நின்றாள். நானும் கூடப் போனேன். அங்கிருந்து பார்த்தால் பாதை பிரிகிற இடம் தெரியும். இடது பக்கம் திரும்பினால் ஷாஃப்ட், வலது பக்கம் வொர்க்ஷாப். சங்கு ஊதியது. இடது பக்கம் போகிற கூட்டம்தான் பெரியது. அண்ணன் அவசரமில்லாமல் நடந்துபோய், வலது பக்கம் திரும்பினான்.

அம்மா நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. வேலைக்குத்தானே போகிறான், இதற்கு எதற்கு அழ வேண்டும்? வெகுநேரம் நின்றதில் கால் வலி கண்டிருக்கும் என்று நினைத்து, நான் தண்ணீர் கொண்டுவர வீட்டுக்கு ஓடினேன்.