பி.எச். மானி அசையாத முற்பகல்

பக்ரீரியாவுக்குச் சாப்பாடு போடுவதுதான் என் உத்தியோகம். கண்டிக்குச் சற்று வெளியே ஓர் ஆய்வுகூடத்தில் இரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மூன்றாவது வருடம் தருவதா, என்னை யாழ்ப்பாணத்துக்குப் பெட்டி கட்ட வைப்பதா என்பதைத் தீர்மானிக்கக் கொழும்பிலிருந்து மூன்று பேர் வர இருந்தார்கள்.

காட்ட வேண்டியது சின்ன விஷயம். பக்ரீரியா தன் மென்சவ்வுக்கு வெளியே அமிலத்தன்மை தரும் புரோத்தன்களைத் தள்ளி வைத்திருக்கும். அவை உள்ளே வரத் துடிக்கும். மென்சவ்வில் உள்ள ஒரு புரதம் வழி விடும், ஆனால் லக்டோஸ் என்ற பால்சீனி ஒன்றையும் கூட்டிக்கொண்டு வந்தால்தான். அழைப்பில்லாதவர் அழைப்புள்ளவரின் கையைப் பிடித்துக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழைவது மாதிரி, லக்டோஸுக்கு ஓசியில் பிரவேசம். புரோத்தன் உள்ளே போகப் போக வெளிக்கரைசலின் அமிலத்தன்மை குறைந்து, பி.எச். மானியில் எண் ஏறும்.

முதல்நாள் ஒத்திகையில், பக்ரீரியாவை வெறும் உப்புத் தண்ணீரில் விட்டபோது, எண் அழகாக ஏறியது.

ஆய்வுகூடத் தலைவரான பேராசிரியர் குடுவையைப் பார்த்து முகம் சுளித்தார். "வாற ஆக்களுக்கு முன்னாலை உப்புத் தண்ணியோ? மானம் போகும் பிள்ளை. பஃபரிலை செய்யும்."

பஃபரின் ஒரே வேலை பி.எச். அசையாமல் பிடித்து வைத்திருப்பது. உயர்தர வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் அவருக்கு 'இல்லை' சொல்லும் வாய் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இருக்கவில்லை.

"ஓம் சேர்" என்றேன்.

மறுநாள் கொழும்பு ஆட்கள் மூவரும் பட்டிஸ் சாப்பிட்டுவிட்டு மானியைச் சுற்றி நின்றார்கள். லக்டோஸை விட்டேன். எண் இருந்த இடத்திலேயே இருந்தது. வந்தவர்களில் ஓர் அம்மா, "உயிரோடதான் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"பக்ரீரியாவைச் சாகடிச்சுப்போட்டீரோ?" என்றார் பேராசிரியர், எல்லோருக்கும் கேட்கும்படி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த இரண்டாவது குடுவையை எடுத்தேன். அதில் அதே பக்ரீரியா, ஆனால் உப்புத் தண்ணீரில். லக்டோஸை விட்டதும் எண் விறுவிறுவென்று ஏறியது.

"அப்போ முதல்ல ஏன் ஏறல?" என்று அந்த அம்மா விடவில்லை.

பேராசிரியருக்குக் கண்கூட இமைக்கவில்லை. "அது ஒப்பிடுறதுக்கு. பஃபரிலை மாற்றம் தெரியாது எண்டு காட்ட நான்தான் செய்யச் சொன்னனான். இவ அதைச் சொல்ல மறந்திட்டா. அப்பிடித்தானே பிள்ளை?"

மூன்று பேனாக்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றன. வெட்கங்கெட்ட வாய்.

"ஓம் சேர்."

மூன்றாவது வருடம் கிடைத்தது. வந்தவர்கள் கையால் எழுதிக் கொடுத்த அறிக்கையில் பேராசிரியருடைய முன்யோசனையைப் பாராட்டித் தனியாக ஒரு பந்தி இருந்தது. தட்டச்சு செய்தது நான்தான்.