ஒரே நம்பர், ஒரே ஆளா?

தாம்பரம் பக்கம் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் பெண்கள் வீட்டுக்காரர் நம்பரைத்தான் கொடுப்பார்கள். சொந்த போன் கையிலேயே இருக்கும். ஆனாலும் அவர் நம்பர்தான் வாயில் வரும். நானும் அப்படித்தான். சாஃப்ட்வேர் எழுதிச் சம்பாதிக்கிற எனக்கே அதில் ஒன்றும் உறுத்தவில்லை.

இரும்புலியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் உறுத்தியது. வருகிற ஒவ்வொருவரும் அதற்குள் ஓர் ஆப்ஜெக்ட், அதாவது ஒரு தனிப் பதிவு. இரண்டு ஆப்ஜெக்ட் ஒரே ஆளா, வேறு வேறா என்று கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. எதைப் பார்த்து முடிவு செய்வது என்று நாம்தான் எழுத வேண்டும். எங்கள் டீம் லீட் எழுதியிருந்தார்: போன் நம்பர் ஒன்றென்றால் ஆளும் ஒன்று.

சோதித்துப் பார்க்க எங்கள் வீட்டு ஆட்களையே உள்ளே போட்டேன். முதலில் கணவர், அடுத்து மாமியார், பிறகு நான்; மூவருக்கும் கணவர் நம்பர்தான். கணவர் மட்டும் மிஞ்சினார். மாமியாரின் சர்க்கரை அளவு கணவர் பெயரில் ஏறியிருந்தது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

நேராக லீடிடம் போனேன். "சார், இதை மாத்தணும். ரிப்போர்ட் ஆள் மாறிப் போகுது. தப்பான ஆளுக்கு மாத்திரை கொடுத்துடுவாங்க."

"ஃபேமிலின்னா ஒரே நம்பர்தாம்மா. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். நாளைக்கு ரிலீஸ், டெஸ்ட் ஓகேன்னு போட்டுடுங்க."

"போட மாட்டேன் சார்."

"அப்போ இந்த ப்ராஜெக்ட்ல நீங்க வேணாம்."

வேலை போனால் போகட்டும் என்கிற நிலைமையில் நான் இல்லை. மாமியாருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் வேறு. அதற்காக, அவர் உடம்பில் ஓடுகிற ரத்தத்தை மகன் பெயரில் எழுத விட்டுவிடுவேனா?

"உங்க வீட்ல யார் நம்பர் சார் குடுப்பாங்க?"

"என்னுதுதான். ஏன்?"

அவர் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்தேன். அவர் மனைவியை முதலில் போட்டேன், பிறகு அவரை. மனைவி இருந்தார். இவரைக் காணோம்.

"சார், நீங்க டூப்ளிகேட்டாம். தூக்கிடுச்சு."

அவர் திரையையே பார்த்தார். "இது பக் ஆச்சே, ப்ரோகிராம்லயே தப்பு!" என்றார்.

நாங்கள் இரண்டு பெண்கள் காணாமல் போனபோது அது அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டிய விஷயம். அவர் காணாமல் போனதும் பக். எனக்குச் சிரிப்பே வரவில்லை. போன் நம்பரைப் பார்த்து ஆளை முடிவு செய்கிற அந்த வரியை அழித்தேன். ஆளுக்கு ஒரு தனி எண். அது ஒன்றாக இருந்தால் மட்டுமே ஒரே ஆள் என்று எழுதினேன். எழுந்திருங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.