பத்மாவதியின் ஊசியும் பதினோரு அட்டைகளும்

பத்மாவதி காலமாகிவிட்டாள் என்று திருப்பருத்திக்குன்றத்திலிருந்து அவளுடைய தம்பி சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார். கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை. யானைக்கால் நோய்க் கணக்கெடுப்பில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளைத் தெரியும். ஆனால் ஒரு விஷயம் தெரியாது.

ஜைனக் குடும்பத்துப் பெண். கொசுவைக்கூட அடிக்க மாட்டாள், விசிறியால் விரட்டுவாள். கொசுவுக்கு நம் ஆபீசிலேயே ஒரு வக்கீல் என்று கேலி செய்வோம். "அதுக்கு வேற யாரு இருக்காங்க, சொல்லு" என்று சிரிப்பாள். கிருமி இருக்கிறதா என்று கொசுவை அறுத்துப் பார்க்கும் வேலை வேண்டாமென்று, கணக்கெடுப்பு அட்டைகளைப் பிரிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வீடு வீடாகப் போய் ஆளுக்கு ஓர் அட்டை எழுதுவது நான். அட்டையின் ஓரமெல்லாம் துளைகள். தெருவுக்கு ஒன்று, வயதுக்கு ஒன்று, ரத்தத்தில் கிருமி உண்டா என்பதற்கு ஒன்று. உண்டு என்றால் அந்தத் துளையின் ஓரத்தை வெட்டிவிடுவாள். ஆயிரக்கணக்கான அட்டைகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி, துளையில் ஸ்வெட்டர் பின்னும் ஊசியைச் செருகித் தூக்கி உதறினால் வெட்டியவை மட்டும் கீழே விழும்.

ஒருநாள் ஊருக்குள் ஒரு தெருவின் அட்டைகள் மளமளவென்று விழுந்தன. நோயின் கூடே அங்கேதான் என்று அதிகாரி மாத்திரைகளை அந்தத் தெருவுக்கு ஒதுக்கிவிட்டார். பத்மா மட்டும் விழுந்ததைப் பொறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மும்தாஜ், ஒரே வீட்டுல பதினோரு ஆம்பளைங்க. ஒரு பொம்பளை இல்ல, கொழந்தை இல்ல. எப்படிம்மா?"

அட்டைகளை வாங்கி விலாசத்தைப் பார்த்தேன். அது தறிகள் போட்டிருந்த வீடு. எந்த வீடு என்று கேட்டால் நெசவாளர்கள் தறி இருக்கும் வீட்டைத்தான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதிவிட்டேன். இந்த நோயைப் பரப்பும் கொசு ராத்திரியில்தான் கடிக்கும்; அதுவோ அவர்கள் தூங்கும் இடத்தில் இருந்தது.

"விட்டுடு பத்மா. எனக்குத் தற்காலிக வேலை, இதுவும் போயிடும்" என்று கெஞ்சினேன்.

"உன் வேலையும் போவாது, மாத்திரையும் தப்பான எடத்துக்குப் போவாது. செருப்பப் போடு."

இருவரும் நடந்தோம். "ராத்திரி எங்கண்ணா படுப்பீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டோம். பதினோரு பேரில் ஒன்பது பேர் ஊருக்கு வெளியே இருக்கும் ஓரிக்கையில் என்றார்கள். அதன்பின் மூன்று வாரம் ஒரு தறி வீடு விடாமல் ஏறி இறங்கிப் புது அட்டைகள் எழுதினோம்.

"இதை முதல்ல எழுதினது யாரு?" என்று அதிகாரி எரிந்து விழுந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாங்கதான் சார்" என்றாள் பத்மா.

அவளுக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. என் வேலை தப்பியது. மாத்திரைகள் ஓரிக்கைக்குப் போயின.

சென்னையில் இப்போது அட்டைகளை இயந்திரமே பிரித்துவிடுகிறதாம். "விழுந்துச்சுன்னு நம்பிடாதே, ஏன் விழுந்துச்சுன்னு கேளு" என்பாள் அவள். அதை எந்த இயந்திரம் கேட்குமோ எனக்குத் தெரியாது.

அவளுடைய ஊசி என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பதினோரு அட்டைகளை எழுதியது நாங்கள் அல்ல, நான் மட்டும்தான். அவள் இருக்கும்போதே இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.