பாட்டை நிறுத்தச் சொன்னேன்

அறுபதுகளில் நான் சிதம்பரத்தில் கல்லூரி ஆசிரியன். தலைப்பிரசவம் முடிந்து கடலூரில் தாய்வீட்டிலிருந்த மனைவியைச் சனிக்கிழமைதோறும் போய்ப் பார்ப்பேன். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அவள் உரக்கப் பாடுவாள். சந்தோஷத்தில் பாடுகிறாள் என்றே நினைத்தேன்.

"பால் குடுக்கறதுக்கு ஒரு கச்சேரியா? பேப்பர் திருத்தணும், நிறுத்தேன்" என்றேன் ஒருநாள். மாப்பிள்ளை சொன்னால் மறுபேச்சு ஏது? பாட்டு நின்றது.

மறுநாள் காலை குழந்தையின் உதட்டில் ரத்தத்தைப் பார்த்து அலறிவிட்டேன்.

"பயப்படாதீங்க, அது என் ரத்தம். காம்பு வெடிச்சிருக்கு. அவன் வாய வச்சதும் உயிர் போவுது. பாடிக்கிட்டிருந்தா கொஞ்சம் தாங்கிக்குவேன்" என்றாள்.

"சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதான் வாயத் தொறக்க விடலையே!"

சொல்லிவிட்டுக் குழந்தையை மறுபடி மார்போடு அணைத்து, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எனக்குப் பாட வராது. இருந்தும் அவள் பாட்டை நானே எடுத்தேன். சமையலறையிலிருந்து மாமியார், "யாருடி அது, மாப்ளயா?" என்றார். கண்ணில் நீரோடு அவள் சிரித்தாள்.

புண் ஆற நாளாயிற்று. பையன் ஒருவேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. அத்தனை வலியையும் அவள் பாட்டாக மாற்றியிருந்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது இரைச்சலாகக் கேட்டது.