மாசியோடு போகாத குருவிகள்

அடையாற்றில் ஒரு குறுக்குத் தெருவில், தூங்குமூஞ்சி மரத்தடியில் என் இஸ்திரி வண்டி நின்றது. தொண்ணூறுகளில், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டதும் கறுப்புத் தலையும் இளஞ்சிவப்பு உடம்புமாக நூற்றுக்கணக்கான குருவிகள் அந்த மரத்துக்கு வரும். மைனா அளவு இருக்கும். சாயங்காலம் வந்து அடையும், விடிந்ததும் இரை தேடிப் போகும். வண்டிமேல் தார்ப்பாய் கட்டியும் வெள்ளை வேட்டியில் எச்சம் விழும். ஏழாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு வேறு தொழிலும் தெரியாது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவேன்.

அந்தப் புலம்பல்தான் வினையாயிற்று. எதிர் வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கி மரத்தடியில் நிறுத்தினார். மூன்றாம் நாள் என்னிடம் வந்தார்.

"நீயும் தினம் அழுதுண்டிருக்கே. கிளையெல்லாம் வெட்டிடலாம். ஆளை வரச் சொல்லிட்டேன்."

நிழல் போனால், கரி இஸ்திரிப் பெட்டியோடு நாள் முழுக்க வெயிலில் எப்படி நிற்பது?

"வேணாம் சார், மாசியோட போயிடும்" என்றேன். பங்குனி பாதிவரை இருக்கும் என்று தெரிந்தும் வாய் முந்திக்கொண்டது.

"சரி, பங்குனி ஒண்ணாம் தேதி பாக்கறேன்."

மாசி முழுக்க அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது. குறையும் என்று பார்த்தால், வேறெங்கோ இருந்த கூட்டமும் இங்கே வந்து சேர்ந்துகொண்டது.

"இன்னா, எண்ணிக்கினு கீறியா? சட்ட தீயுது பாரு" என்பாள் மனைவி.

ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு அரிவாளோடு ஆள் வந்தான். வீட்டுக்காரர் மேலே பார்த்தார். ஒரு குருவி இல்லை. எல்லாம் இரைக்குப் போயிருந்தன.

"சொன்னாப்பல போயிடுத்தே" என்று ஆளைத் திருப்பி அனுப்பினார்.

சாயங்காலம் மொத்தமும் திரும்பி வந்தது. அவர் அந்நேரம் மயிலாப்பூர் கோவிலுக்குப் போய்விட்டு இருட்டித்தான் வருவார். கார்மேல் விழும் எச்சம்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் தினமும் விடியும்போதே வாளியும் துணியுமாகப் போய் அந்தக் காரைத் துடைத்தேன். குருவியைத் திட்டினேன், காரைத் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன். பதினைந்து நாள் இப்படி.

ஒரு சாயங்காலம் மரம் வெறுமனே நின்றது. மறுநாளும் அப்படியே. துடைப்பதை நிறுத்தினேன்.

நாலாம் நாள் அவர் வந்தார்.

"ஏம்ப்பா, காலம்பற நீ காரைத் தொடைக்கறதை ஜன்னல்லேர்ந்து பாத்துண்டுதான் இருந்தேன். மரத்தை வெட்டலைங்கற நன்றி போலிருக்குன்னு நெனைச்சேன். இப்ப ஒரே தூசியா இருக்கு. ஏன் நிறுத்திட்டே?"

மறுநாள் விடிந்ததும் மறுபடி துடைத்தேன், குருவி ஒன்றுகூட இல்லாத மரத்தடியில்.