இளவரசி அடித்த இரண்டு அடி

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் தமிழர்களுக்கு அந்நாட்டு அரசியல் சட்டத்தைத் தமிழில் சொல்லித் தருவதுதான் இளவரசியின் பிழைப்பு. ஆலங்காயத்துக்கு மேலே, மலையடிவாரத்துக் கிராமத்தில், விடிந்ததும் கைப்பேசியைத் திறந்து வகுப்பைத் தொடங்குவாள். அவர்களுக்கு அங்கே அப்போது முந்தின நாள் மாலை.

"சட்டம் போடுறது காங்கிரஸ்னு சொல்ற அவங்க நாடாளுமன்றம். நடத்துறது அதிபர். சரியா தப்பான்னு பாக்குறது கோர்ட்டு. மூணும் ஒரே கையில சேந்தா அவன் ராஜாங்க. ராஜா வேணாம்னுதான் சண்டையே போட்டாங்க" என்பாள். குற்றம் செய்தவனுக்கும் வக்கீல் உண்டு, கொடூரத் தண்டனை கூடாது என்பதையும் சொல்வாள். அவர்கள் தேர்வுக்காகக் கேட்டார்கள். இவள் சம்பளத்துக்காகச் சொன்னாள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஏரியில் மண் அள்ளும் டிராக்டரைப் பற்றி அவள் தம்பி அருள்மணி கலெக்டருக்கு மனு போட்டான். டிராக்டர் ஊர்த்தலைவர் பூபாலனுடையது. ஊர் விஷயம் வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்திருந்ததும் அவன்தான். கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, அருள்மணியை மின்கம்பத்தில் கட்டவைத்தான். அவனே குற்றம் சொன்னான், அவனே தீர்ப்புச் சொன்னான், மோட்டார் பெல்ட்டை எடுத்து அவனே அடித்தான்.

முதுகுத் தோல் உரிந்தது. காதோரம் விழுந்த அடியில் ரத்தம் கழுத்து வழியே இறங்கியது. ஊர் பார்த்துக்கொண்டு நின்றது.

இளவரசி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். "அவன் பக்கம் இன்னா நடந்துச்சின்னு ஒருத்தராவது கேட்டீங்களா, தலைவரே?"

பெல்ட் அவள் முகத்தில் விழுந்தது. கீழே விழுந்தவளின் மணிக்கட்டைப் பூபாலன் மிதித்தான். எலும்பு முறிந்தது.

வாணியம்பாடி மருத்துவமனையில் இருந்தபடியே போலீசில் புகார் கொடுத்தாள். பூபாலன் தலைமறைவானான். ஆனால் போலீசுக்கு முன்பே அவள் பெரியப்பா மகன் குமரேசன் அவனைக் கண்டுபிடித்துவிட்டான். தென்னந்தோப்பிலிருந்து இழுத்து வந்து அதே கம்பத்தில் கட்டினான். இளவரசியை வரவழைத்து பெல்ட்டைக் கொடுத்தான்.

"நீயே அடி. உனக்குத்தான் உரிமை."

கட்டுப் போடாத கையால் அடித்தாள். உடம்பெல்லாம் இதமாக இருந்தது. இரண்டாவது அடியில் பூபாலனின் உதடு கிழிந்தது, பல் ஒன்று தெறித்தது. "இன்னும் போடு!" என்று கூட்டம் கத்தியது. தம்பி அடிபட்டபோது வாய் திறக்காத அதே முகங்கள். பெல்ட்டைக் கீழே போட்டாள்.

"அவுத்து வுடுண்ணா. கோர்ட்டு கேக்கட்டும்."

"இன்னா பேசற? உன் தம்பிய அவன் வுட்டானா?"

"வுடல. நாமளும் அதையே பண்ணா, அவன் பண்ணது தப்புன்னு எப்படிச் சொல்றது?"

குமரேசன் அறைந்ததில் கீழே விழுந்தாள். எழுந்து, பூபாலனை மறைத்துக்கொண்டு நின்று போலீசுக்குப் போன் செய்தாள். யாரோ எறிந்த கல் அவள் தோளில் பட்டுத் தோலைப் பெயர்த்தது. ஜீப் வரும்வரை நகரவில்லை. வந்தவர்களிடம் தான் அடித்ததையும் சொன்னாள். அவள் மேலும் வழக்குப் பதிவானது.

அருள்மணிக்கு இடது காது கேட்காமல் போயிற்று. "நீ எனக்கு அக்காவா, அவனுக்கு வக்கீலா?" என்று கேட்டவன், அதன்பிறகு அவளோடு பேசவில்லை.

திருப்பத்தூர் நீதிமன்றத்தில் அவன் சாட்சிக் கூண்டில் ஏறினான். பூபாலனின் வக்கீல் குறுக்கே குறுக்கே கேட்டார். அருள்மணி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். நீதிபதி நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதவைத்தார். கம்பத்தில் கட்டியிருந்தபோது ஒருவரும் கேட்காததை அன்று முழுவதும் சொல்லி முடித்தான். பூபாலனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இளவரசியின் வழக்கு இன்னும் நடக்கிறது. குமரேசன் வீட்டோடு போக்குவரத்து இல்லை. போன வாய்தாவுக்கு அவள் கிளம்பியபோது அருள்மணி சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"இரு, நானும் வர்றேன். தனியா போவாத."

பஸ்ஸில் அவனுக்குக் கேட்கும் காதின் பக்கமாக உட்கார்ந்தாள்.